இன்னும் வலி வரலையே, சிஸ்டர்!

பிரசவ வார்டில் வேலை பார்த்தவளை ஊர் சும்மா விடாது. ரிட்டயர் ஆன பிறகும் தெருவில் யாருக்காவது நிறைமாசம் என்றால் என் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள், இல்லாவிட்டால் போன் அடிக்கிறார்கள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "டாக்டர் குடுத்த டேட் முந்தாநாளோட முடிஞ்சுபோச்சு. இன்னும் வலி வரலையே, சிஸ்டர்!" கேட்பது வயிற்றில் பிள்ளையைச் சுமப்பவளாக இருக்காது. அவளுடைய அம்மாவோ மாமியாரோதான் கேட்பார்கள். அவளோ பின்னால், வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, எப்போதடா இறக்கி வைப்போம் என்று உட்கார்ந்திருப்பாள்.

இப்போது அந்தக் கேள்வியோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வருகிறது. "ஏதோ உள்ள விரல் விட்டுச் சுத்துனா வலி வந்துடுமாமே, அதைப் பண்ணிக்கலாமா?" ஸ்வீப்பிங், ஸ்ட்ரிப்பிங் என்று ஆஸ்பத்திரியில் காதில் விழுந்திருக்கும். செய்துகொண்டவர்களில் சிலருக்கே அது நடந்தது தெரியாது. அதைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த டேட். தாய் சேய் நல அட்டையில் எழுதியிருக்கும் அந்த நாளைக் கணக்கிடும் முறைக்கு இருநூறு வருடத்துக்கு மேல் வயதாகிறது. ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரில் பேராசிரியராக இருந்த ஃபிரான்ஸ் நெகெலேயின் பெயரில் வழங்கும் கணக்கு அது. கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளோடு ஏழு நாள் கூட்டி, மூன்று மாதம் பின்னால் போய், அடுத்த வருடத்தில் அந்தத் தேதியைப் பாருங்கள், அதுதான் டேட். மொத்தம் 280 நாள், 40 வாரம். இது சரியாக வரவேண்டுமென்றால் 28 நாளுக்கு ஒருமுறை ஒழுங்காக மாதவிலக்கு ஆகியிருக்க வேண்டும், ஆரம்பித்த நாளும் ஞாபகத்தில் இருக்க வேண்டும்.

நம் பக்கத்தில் நாங்கள் கேட்பதே "கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சே?" என்றுதான். அவளும் குளித்த நாளைத்தான் சொல்வாள். சில வீட்டில் அது மூன்றாம் நாள், சில வீட்டில் ஐந்தாம் நாள். "ஆடிப்பெருக்குக்கு மறுநாள் குளிச்சேன் சிஸ்டர்" என்பாள். ரத்தப்போக்கு தொடங்கிய நாளா, குளித்த நாளா என்று திருப்பிக் கேட்காமல் எழுதிவிட்டால் கணக்கில் அங்கேயே மூன்று நாலு நாள் நழுவிப் போகும். முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேன் இருந்தால் அதை வைத்துச் சரிபார்த்துக்கொள்ளலாம். அந்த வயதில் கரு எல்லா வயிற்றிலும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கிறது. ஒன்பதாம் மாத ஸ்கேனில் வேறொரு தேதி அச்சாகியிருக்கும். அது குழந்தையின் சைஸை வைத்துப் போட்ட தேதி. அதைப் பார்த்து டேட்டை மாற்றிக்கொண்டு திண்டாடுகிற குடும்பங்கள் ஏராளம்.

கணக்கு அத்தனையும் சரியாக இருந்தாலும், சொன்ன தேதியிலேயே பிறக்கிற குழந்தை நூற்றுக்கு நாலைந்துதான். 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரத்துக்குள் எப்போது பிறந்தாலும் அது நிறைமாதக் குழந்தையே. தலைப்பிரசவம் டேட்டைத் தாண்டுவது ரொம்ப சகஜம்.

சரி, வலி எப்படி வருகிறது? கர்ப்பப்பை வாயில்தான் கதை தொடங்குகிறது. ஒன்பது மாதமும் குழந்தையின் பாரத்தைத் தாங்கி மூடியே இருக்க வேண்டிய இடம் அது. கெட்டியான நார்களால் ஆனது. பின்னோக்கித் திரும்பியிருக்கும், நீளமாக இருக்கும். கடைசி வாரங்களில் அந்த நார்கள் தளர்கின்றன, ஈரம் ஏறுகிறது, நீளம் குறைகிறது, வாய் மெல்ல முன்பக்கம் நகர்ந்து வருகிறது. இந்த வேலையை உள்ளிருந்து நடத்துவதில் புரோஸ்டாகிளாண்டின் என்ற ரசாயனத்துக்குப் பெரிய பங்கு.

இதைக் கண்ணால் பார்க்க முடியாது. விரலால்தான் பார்க்க வேண்டும். வார்டில் இதற்குப் 'பி.வி. பார்ப்பது' என்று பெயர். கையுறை போட்டு இரண்டு விரல். புதிதாக வரும் நர்சிங் பிள்ளைகளுக்கு எங்கள் ஹெட் நர்ஸ் சொல்லிக்கொடுத்த பாடத்தைத்தான் நானும் கடைசிவரை சொல்லிக்கொடுத்தேன்: உன் மூக்கு நுனியைத் தொட்டுப் பார், அப்படி இருந்தால் இன்னும் நாளாகும், உதட்டைத் தொட்டுப் பார், அப்படி இருந்தால் தயாராகிவிட்டாள். 1964இல் எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் இந்த விரல் அறிவுக்கு மார்க் போட்டுக் கொடுத்தார். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, நீளம் எவ்வளவு குறைந்திருக்கிறது, கெட்டியாக இருக்கிறதா மெத்தென்று இருக்கிறதா, முன்னால் இருக்கிறதா பின்னாலா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்து விஷயம். மொத்தம் 13 மார்க். எட்டும் அதற்கு மேலும் என்றால் உடம்பு தயார். ஆறும் அதற்குக் கீழும் என்றால் இன்னும் பழுக்கவில்லை. கேஸ் ஷீட்டில் 'பிஷப் 4' என்று எழுதியிருந்தால் இதுதான் அர்த்தம். உங்கள் மார்க் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் ஒரு தப்பும் இல்லை.

ஸ்வீப்பிங் என்பது இந்தப் பி.வி.யிலிருந்து இன்னும் ஒரு எட்டு உள்ளே போவது. வாய் ஒரு விரல் நுழைகிற அளவுக்காவது திறந்திருக்க வேண்டும். பெண் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, குதிகாலை ஒன்றாக வைத்துத் தொடையை விரித்துக்கொள்வாள். சிறுநீர் கழித்துவிட்டு வந்தால் அவளுக்கும் சௌகரியம், எங்களுக்கும் சௌகரியம். விரல் கர்ப்பப்பை வாயைக் கடந்ததும் பனிக்குடம் வழவழவென்று தட்டுப்படும். அதற்கு அந்தப் பக்கம் குழந்தையின் தலை கெட்டியாக நிற்கும். பனிக்குடத்தின் சவ்வு கர்ப்பப்பையின் அடிப்பாகச் சுவரோடு லேசாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இடுக்கில் விரல் நுனியை விட்டு முழு வட்டமாகச் சுற்றி, சவ்வைச் சுவரிலிருந்து பிரிக்க வேண்டும். பனிக்குடத்தை உடைப்பதில்லை. ஒட்டு விடுபட்ட இடத்தில் அந்தப் புரோஸ்டாகிளாண்டின் சுரக்கிறது. மருந்துக் கடையில் வாங்கி உள்ளே வைப்பதற்குப் பதிலாக அவள் உடம்பிலேயே அதைச் சுரக்க வைக்கிறோம். விரல் நுழைகிற அளவுக்கு வாய் திறக்கவில்லை என்றால், வாயைச் சுற்றி வெளியே மசாஜ் மாதிரி அழுத்திவிடுவதும் உண்டு.

எடின்பரோவில் ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் 1810லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் ஊசியெல்லாம் அப்போது கனவில்கூட இல்லை. பூனையின் கர்ப்பப்பை பிட்யூட்டரிச் சாற்றால் சுருங்குவதை ஹென்றி டேல் கண்டுபிடித்தது 1906இல். அந்தச் சாற்றில் இருந்த ஆக்ஸிடோசினை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய வின்சென்ட் டு விக்னோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1955இல். விரல் அதற்கெல்லாம் முன்னாடியே வேலையைத் தொடங்கிவிட்டது.

எவ்வளவு நேரமாகும்? ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எவ்வளவு வலிக்கும்? இதில் நான் மழுப்ப மாட்டேன், வலிக்கும். நெதர்லாந்தில் 41 வாரம் ஆன 742 பெண்களை வைத்து ஓர் ஆய்வு செய்து, 2006இல் வெளியிட்டார்கள். ஸ்வீப்பிங் செய்துகொண்டவர்களில் பாதிப்பேர் 'கொஞ்சம் வலித்தது' என்றார்கள். 17 சதவீதம் பேர் 'வலித்தது', 'ரொம்ப வலித்தது' என்றார்கள். மற்றவர்களுக்கு வலியே இல்லை. ஆனாலும் அடுத்த பிரசவத்திலும் செய்துகொள்வீர்களா என்று கேட்டதற்கு 88 சதவீதம் பேர் 'சரி' என்றிருக்கிறார்கள். 42 வாரத்தைத் தாண்டிப் போனவர்கள், செய்துகொள்ளாத கூட்டத்தில் நூற்றுக்கு 41, செய்துகொண்டவர்களில் 23.

இன்னும் பெரிய கணக்கும் இருக்கிறது. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பு, 44 ஆய்வுகளில் 6,940 பெண்களின் விவரத்தைச் சேர்த்து 2020இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஸ்வீப்பிங் செய்துகொண்ட நூறு பேரில் 72 பேருக்குத் தானாக வலி வந்தது, செய்யாத நூறு பேரில் 60 பேருக்கு வந்தது. மருந்து கொடுத்து வலி வரவைக்க வேண்டி வந்தவர்கள் நூற்றுக்கு 23. செய்யாத பக்கத்தில் 31. சிசேரியன் எண்ணிக்கையில் தெளிவான வித்தியாசம் இல்லை. தாய்க்கும் சேய்க்கும் பெரிய ஆபத்து கூடியதாகவும் தெரியவில்லை. ஆதாரத்தின் தரம் குறைவுதான் என்பதை அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இந்த எண்ணை இப்படிப் படியுங்கள்: செய்யாமல் விட்டாலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குத் தானாகவே வலி வந்துவிடுகிறது. செய்தாலும் எல்லோருக்கும் வருவதில்லை. நூறு பேருக்குச் செய்தால் எட்டுப் பேருக்கு மருந்து தேவைப்படாமல் போகிறது. அந்த எட்டுப் பேருக்கு அது பெரிய விஷயம், சந்தேகமே இல்லை. ஆனால் "ஸ்வீப்பிங் பண்ணிட்டாங்க, இன்னைக்கு ராத்திரி பிள்ளை பிறந்துடும்" என்று பையைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்கு அதில் ஒன்றும் கிடையாது. ஒருவர் என்னிடம் மருமகளுக்கு ரோகிணியில் பிள்ளை பிறக்கிற மாதிரி பார்த்துப் பண்ணச் சொன்னார். டவுன் நர்சிங் ஹோமில் சிசேரியனுக்கு நல்ல நேரம் குறித்துக் கொடுத்துப் பழகிப்போன ஆள். விரலுக்குப் பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாது என்று சொல்லி அனுப்பினேன்.

பிரிட்டனில் நைஸ் என்ற அமைப்பு மருத்துவர்களுக்கு வழிகாட்டுநெறி வகுத்துத் தருகிறது. 39 வாரத்துக்குப் பிறகு வரும் பரிசோதனைகளில் ஸ்வீப்பிங் பற்றிப் பெண்ணிடம் பேசுங்கள், வேண்டுமா என்று கேளுங்கள், செய்வதற்கு முன் சம்மதம் வாங்குங்கள் என்று 2021இல் வெளியிட்ட நெறியில் சொல்கிறது. வலிக்கலாம், ரத்தம் படலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லச் சொல்கிறது. முதல் தடவையில் வலி வராவிட்டால் இன்னொரு தடவை செய்துகொள்ள விருப்பமா என்று கேட்கலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனமும் மருந்தால் வலி தூண்ட வேண்டிய தேவையைக் குறைக்க ஸ்வீப்பிங்கைப் பரிந்துரைக்கிறது.

என் மனக்குறை இந்த இடத்தில்தான். நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், ஓ.பி. நாளன்று வாசல்வரை வரிசை நிற்கும். ஒரு கட்டில், ஒரு ஸ்கிரீன். "காலை மடக்கு, மூச்சை இழுத்து விடு, செக் பண்றேன்" என்பதற்குள் வேலை முடிந்திருக்கும். எல்லாம் நல்ல எண்ணத்தில்தான். டேட் தாண்டி அவஸ்தைப்பட வேண்டாமே என்றுதான். சொல்லி விளங்கவைக்க நேரம் இல்லை என்பார்கள், சொன்னால் பயந்து மறுத்துவிடுவாள் என்பார்கள்.

ஒரு ராத்திரி டூட்டியில் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தலைப்பிரசவம். பக்கத்துக் கிராமத்திலிருந்து ஆட்டோ பிடித்து, வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்திருக்கிறாள். பாவாடையில் ரத்தம், சளிபோல இழுபடுகிற ரத்தம். "எம் பிள்ளைக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று அவள் அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் டாப்ளரை வைத்தேன். குழந்தையின் இதயம் 140, டக்டக்கென்று ஓடுகிறது. வயிறு மெத்தென்று இருக்கிறது, விட்டுவிட்டு லேசாக இறுகுகிறது. நச்சுக்கொடி மேலேதான் இருக்கிறது என்று ஸ்கேன் சொல்கிறது. "காலையில செக்கப்புக்குப் போனியா கண்ணு?" என்று கேட்டேன். "போனேன் சிஸ்டர். உள்ள கை வச்சாங்க, உயிர் போற மாதிரி வலிச்சுது. ஏன்னு கேட்டேன். உனக்கு நல்லதுதான்னாங்க."

அவ்வளவுதான். ஸ்வீப்பிங் செய்த அன்று லேசாக ரத்தம் படுவதும், சூட்டு வலி மாதிரி இடுப்பும் அடிவயிறும் பிடித்துப் பிடித்து விடுவதும் எதிர்பார்க்கக்கூடியவை. ஒரு வாக்கியம் காலையிலேயே சொல்லியிருந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆட்டோ செலவும் அந்த ராத்திரி அழுகையும் மிச்சம். அதைவிட எனக்கு உறுத்தியது வேறு. அவளுடைய உடம்புக்குள் ஒரு வேலை நடந்திருக்கிறது, என்ன வேலை என்று நடுராத்திரியில் நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரிகிறது. "கேட்டிருந்தா நானே சரின்னு சொல்லியிருப்பேனே" என்றாள்.

அதற்கப்புறம் டாக்டரம்மா எழுதிக் கொடுத்து நான் செய்ய வேண்டி வந்தபோதெல்லாம் ஒரே மாதிரிதான் சொல்வேன். "கண்ணு, வாய் எப்படி இருக்குன்னு பார்க்கப்போறேன். அதோட, நீ சரின்னா, விரலைச் சுத்தி பனிக்குடத்தை லேசா விடுவிச்சு விடறேன். வலி சீக்கிரம் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். ரெண்டு நிமிஷம் வலிக்கும். ராத்திரி கொஞ்சம் ரத்தம் படும். வேணாம்னா வேணாம், ஒண்ணும் குறைஞ்சுபோயிடாது. நடுவுல நிறுத்தணும்னா கட்டிலைத் தட்டு, எடுத்துடறேன்." இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. பயந்து மறுப்பார்கள் என்றார்களே, பெரும்பாலோர் மறுக்கவில்லை. மறுத்தவர்களும் உண்டு. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்த்துடறேன் சிஸ்டர்" என்று புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போன பெண்ணை எனக்கு இன்னும் பிடிக்கும்.

எல்லோருக்கும் செய்யக்கூடியது இல்லை இது. நச்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பப்பை வாயை மறைத்திருந்தால் விரலே வைக்கக் கூடாது, ரத்தம் கொட்டிவிடும். ஏற்கெனவே பனிக்குடம் உடைந்திருந்தாலும், குழந்தை குறுக்கே கிடந்தாலும், சுகப்பிரசவமே ஆகாது என்று முடிவான கேஸ் என்றாலும் இதற்கு வேலையில்லை. முன்னால் சிசேரியன் ஆனவர்கள் டாக்டரிடம் தனியாகக் கேட்டு முடிவெடுக்க வேண்டும். 39 வாரத்துக்கு முன்னால் காரணமில்லாமல் அவசரப்படக் கூடாது. குழந்தையின் நுரையீரலும் மூளையும் அந்தக் கடைசி வாரங்களிலும் வளர்ந்துகொண்டுதான் இருக்கின்றன.

இனி வீட்டு வைத்தியம். இதில் அக்கம்பக்கத்தாரின் ஆலோசனைக்குப் பஞ்சமே கிடையாது.

விளக்கெண்ணெய்க்குத்தான் முதலிடம். வெறும் வயிற்றில் ஊற்றிவிட்டால் வலி வந்துவிடும் என்பார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. விளக்கெண்ணெயிலுள்ள ரிசினோலியிக் அமிலம், புரோஸ்டாகிளாண்டின் வந்து உட்காரும் அதே ஏற்பிகளில் ஒன்றில் போய் உட்கார்ந்து குடலையும் கர்ப்பப்பையையும் சுருங்க வைக்கிறது என்று ஜெர்மானிய ஆய்வாளர்கள் எலிகளில் செய்து பார்த்து 2012இல் எழுதினார்கள். ஆக, பாட்டிமார் சொன்னதில் விஷயம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், குடலை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் பிடி என்று அதற்குச் சொல்ல முடியாது. ராத்திரி முழுக்க வயிற்றோட்டமும் வாந்தியுமாகி, நாக்கு வறண்டு, பிரசவத்துக்கு வேண்டிய தெம்பெல்லாம் கக்கூஸிலேயே போன பிறகு வார்டுக்கு வந்து சேர்ந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கர்ப்பப்பை எவ்வளவு வேகமாகச் சுருங்கும் என்பதும் யார் கையிலும் இல்லை. ஆகவே வீட்டில் யாரும் ஊற்றிக்கொடுக்க வேண்டாம்.

சீரகக் கஷாயம் வலியை வரவைக்கக் கொடுப்பதில்லை, வந்த வலியைச் சோதிக்கக் கொடுப்பது. சூட்டு வலியாக இருந்தால் அடங்கிவிடும், நிஜ வலியாக இருந்தால் கூடும் என்பது கணக்கு. குடிப்பதில் கெடுதல் இல்லை. ஒரு டம்ளர் சுடச்சுடக் குடித்துவிட்டு இடதுபக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் சூட்டு வலி தானாகவே தணியும். அதில் சீரகத்தின் பங்கு எவ்வளவு, ஓய்வின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல நான் தயாராக இல்லை.

அன்னாசிப்பழம் பாவம். மூன்றாம் மாதத்தில் அதைத் தின்றால் கலைந்துவிடும் என்று தடை. ஒன்பதாம் மாதத்தில் அதையே தின்றால் வலி வந்துவிடும் என்று யூடியூப் பார்த்துக் கூடை கூடையாக வாங்குகிறார்கள். அதிலிருக்கும் புரோமிலைன் வயிற்றில் செரிமானமாகிவிடுகிறது. கர்ப்பப்பையைத் தேடிப் போவதாக ஆதாரம் இல்லை. நெஞ்செரிச்சல்தான் மிச்சமாகும்.

பேரீச்சம்பழத்துக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. ஜோர்டானில் நடந்து 2011இல் வெளியான ஆய்வில், கடைசி நாலு வாரம் தினமும் ஆறு பழம் சாப்பிட்ட 69 பெண்களில் 96 சதவீதம் பேருக்குத் தானாக வலி வந்தது. சாப்பிடாத 45 பேரில் 79 சதவீதம் பேருக்கு வந்தது. சின்ன ஆய்வு, சாப்பிட்டவர்கள் யார் சாப்பிடாதவர்கள் யார் என்று குலுக்கிப் போட்டுப் பிரிக்கவும் இல்லை. பிடித்தால் சாப்பிடுங்கள். ஆனால் கர்ப்பகாலச் சர்க்கரை இருப்பவர்கள் அந்தத் தட்டைத் தள்ளி வையுங்கள். நம் ஊரில் அப்படிப்பட்டவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள்.

குனிந்து வீடு பெருக்கு, காலைக் குத்தவைத்து உட்கார், வாசலுக்கும் கொல்லைக்கும் நட என்பார்கள். வலி வருவதற்கு இது உதவுமென்று நிரூபணம் இல்லை. உடம்பு இறுகிப் போகாமல் இருக்கும், தூக்கம் வரும், அந்த மட்டில் நல்லது. புருஷன் பெஞ்சாதி சேர்ந்திருந்தால் வலி வருமா என்று மாமியார் இல்லாத நேரம் பார்த்துக் காதோடு கேட்பவர்கள் உண்டு. விந்தில் புரோஸ்டாகிளாண்டின் இருப்பது உண்மை. மலாயா பல்கலைக்கழக மருத்துவர்கள் கோலாலம்பூரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் சோதித்தார்கள். பிரசவம் சீக்கிரம் தொடங்கவும் இல்லை, கெடுதல் ஒன்றும் நடக்கவும் இல்லை. பனிக்குடம் உடையாமல், நச்சுக்கொடி மேலே இருக்கிற பட்சத்தில் உங்கள் விருப்பம்.

இத்தனை பாடு எதற்கு, வரும்போது வரட்டுமே என்று கேட்கலாம். 41 வாரம் வரைக்கும் அது நியாயமான பேச்சு. அதற்கப்புறம் நாள் போகப்போக நச்சுக்கொடி தளர்கிறது, பனிநீர் குறைகிறது, குழந்தை உள்ளேயே மலம் கழிக்கும் வாய்ப்பு கூடுகிறது, அபூர்வமாக வயிற்றிலேயே இறந்தும் போகிறது. ஸ்வீடனில் 14 ஆஸ்பத்திரிகளில் ஓர் ஆய்வு நடந்தது. பாதிப் பெண்களுக்கு 41 வாரத்தில் வலி தூண்டுவது, மீதிப் பேருக்கு 42 வாரம் வரை காத்திருப்பது என்று திட்டம். 2,760 பேர் சேர்ந்திருந்த நிலையில், காத்திருந்த கூட்டத்தில் ஆறு குழந்தைகள் இறந்தன, தூண்டிய கூட்டத்தில் ஒன்றுகூட இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆயிரத்தில் நாலு என்பது சின்ன எண்தான். பிரசவ வார்டில் நின்றவளுக்கு அது சின்ன எண்ணாகத் தெரியாது. உலக சுகாதார நிறுவனம் 41 வாரம் முடிந்தவர்களுக்கு வலி தூண்டலாம் என்று சொல்வது இந்த ஆபத்தால்தான். நாள் கணக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. குளித்த நாளா, தொடங்கிய நாளா என்று நான் அவ்வளவு தூரம் குடைந்ததும் அதற்காகத்தான்.

தூண்டுவதற்கு இன்றைக்குப் பல வழி இருக்கிறது. அந்தப் புரோஸ்டாகிளாண்டினையே ஜெல்லாக உள்ளே வைப்பது எல்லோருக்கும் தெரியும். ஃபோலி கதீட்டரை உள்ளே விட்டு, அதன் நுனியிலுள்ள பலூனில் தண்ணீர் ஏற்றிக் கர்ப்பப்பை வாயைத் திறக்க வைப்பது ஒன்று. மிசோப்ரோஸ்டால் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வாய்வழி கொடுப்பது இன்னொன்று. இரண்டில் எது நல்லது என்று நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளிலேயே, ரத்தக்கொதிப்பு இருந்த 602 கர்ப்பிணிகளை வைத்து ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனவர்கள் மாத்திரையில் 57 சதவீதம், பலூனில் 47 சதவீதம். மாத்திரை ஒன்று 25 மைக்ரோகிராம்தான். கடையில் கிடைக்கும் பெரிய மாத்திரையை வீட்டில் ஒடித்துப் போடுவது கர்ப்பப்பையையே கிழித்துவிடும் வேலை, தயவுசெய்து வேண்டாம். வாய் பழுத்த பிறகு வலியைக் கூட்ட ஆக்ஸிடோசின் ட்ரிப் போடுவோம்.

வலி தூண்டினால் சிசேரியனில்தான் போய் முடியும் என்ற பயம் நம் ஊரில் வேரூன்றியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூறு பிரசவத்தில் 45 சிசேரியன், தனியார் ஆஸ்பத்திரிகளில் 64. இந்த எண்ணைப் பார்த்த யாருக்கும் பயம் வரத்தான் செய்யும். ஆனால் அமெரிக்காவில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தலைப்பிரசவக்காரிகளை வைத்துச் செய்து 2018இல் வெளியான ஆய்வில், 39 வாரத்தில் தூண்டியவர்களுக்குச் சிசேரியன் 18.6 சதவீதம், காத்திருந்தவர்களுக்கு 22.2 சதவீதம். பொறுமையாக, முறையாகத் தூண்டினால் கத்தி கூடுவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு "வாய் திறக்கல, தியேட்டருக்கு ஏத்து" என்கிற இடத்தில் எந்த ஆய்வும் செல்லுபடியாகாது.

ஸ்வீப்பிங் செய்துகொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு பேட் வைத்துக்கொள்ளுங்கள். பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ, சளியோடு கலந்து கொஞ்சம் பட்டால் இருக்கட்டும். வெந்நீரில் குளிக்கலாம், வழக்கம்போலச் சாப்பிடலாம், தூங்க முடிந்தால் தூங்குவது ரொம்ப நல்லது. வலி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்று ஒரு மணி நேரமாக ஒழுங்கில் வந்தால் கிளம்புங்கள். வீடு தூரம் என்றால் அதற்கு முன்பே கிளம்புங்கள். பேட் நனைகிற அளவுக்குச் சிவப்பாக ரத்தம், கால் வழியே தண்ணீராக வடிவது, அதுவும் பச்சையாகவோ மஞ்சளாகவோ இருப்பது, விடாமல் வயிறு கல்லாக இறுகுவது, காய்ச்சல், குழந்தையின் துடிப்பு வழக்கத்தைவிடக் குறைவது: இதில் ஒன்று இருந்தாலும் கஷாயம் போட அடுப்பைப் பற்றவைக்காமல் 108க்குப் போன் போடுங்கள். ஆஸ்பத்திரி வாசலில் ஏறியதும், எந்த நாள் எத்தனை மணிக்கு ஸ்வீப்பிங் செய்தார்கள் என்பதை டூட்டி நர்ஸிடம் முதலில் சொல்லுங்கள். அட்டையில் பெரும்பாலும் எழுதியிருக்க மாட்டார்கள்.